கந்தராஜனிடம் கோட்டை விட்டவனின் குறிப்புகள்: வகைப்பாட்டியல் செய்முறைத் தேர்வு

நேற்று முடிவு வந்தது, தேறிவிட்டேன். செடியை ஆராய்ந்து அதன் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய இதே செய்முறைத் தேர்வில் போன முறை கோட்டை விட்டவன் நான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை எனக்கு வந்தது ஒரு வெள்ளைப் பூக்கிளை. எதிரிலை அமைவு, பளபளக்கும் கரும்பச்சை இலை, குழல் போன்ற அல்லி, மொட்டில் திருகு இதழமைவு. பார்த்த மாத்திரத்தில் நந்தியாவட்டை என்று முடிவு கட்டினேன். காம்பைக் கிள்ளினேன், பால் வரவில்லை. காலையில் பறித்த கிளை, வாடியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நந்தியாவட்டையின் குடும்பமான ‘அப்போசைனேசி’ என்று தலைப்பு போட்டேன். அதற்கப்புறம் எழுதியது எல்லாம் மனப்பாடம். பூவின் அமைப்பைக் குறியீடுகளில் சொல்லும் மலர் சூத்திரத்தில் ‘ஜி’க்கு அடியில் கோடு, அதாவது மேல்மட்டச் சூற்பை: விதை உண்டாகும் சூற்பை இதழ்களுக்கு மேலே இருக்கிறது என்று பொருள். பிளேடை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பூவை வாங்கி நெடுக்காக ஒரு வெட்டு வெட்டினார். சூற்பை புல்லி இதழ்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. “எங்கே இருக்கிறது?” என்றார். “கீழே” என்றேன். வேறு கேள்வியே கேட்கவில்லை. அது கந்தராஜன், ரூபியேசி குடும்பம்.

சின்னப் பிழை என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். பெந்தம்-ஹூக்கர் என்ற பழைய வகைப்பாட்டு முறையில் இணைந்த அல்லி இதழ்த் தாவரங்களை மூன்று வரிசைகளாகப் பிரிப்பதில் முதல் வரிசையின் பெயரே இன்ஃபெரே. கீழ்மட்டச் சூற்பை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ரூபியேசி அதில், அப்போசைனேசி பைகார்ப்பெல்லேட்டே என்ற வேறு வரிசையில். மரபணு அடிப்படையிலான புதிய ஏபிஜி முறையில் இரண்டும் ஜென்ஷியனேல்ஸ் என்ற ஒரே துறைக்குள் வருகின்றன என்று பிறகு படித்துச் சந்தோஷப்பட்டேன். மதிப்பெண் வரவில்லை.

சூற்பையைக்கூட விடுங்கள். எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டைச் சுற்றி உறைபோல, ரூபியேசியின் அடையாளமான இலையடிச் செதில் இருந்ததே, அதையாவது லென்ஸில் பார்த்திருக்கலாம். பெயர் மனதில் விழுந்துவிட்டால் அதற்கு ஒத்துவராத எதுவும் கண்ணில் படாது. அதனால் இந்த முறை தலைப்பு வரியைக் காலியாக விட்டேன். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். குடும்பப் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்.

இந்த முறை வந்தது ஊமத்தை. அடையாளம் தெரியாமல் இல்லை, ஆனாலும் தெரியாத மாதிரியே நடந்துகொண்டேன். சூற்பையின் அடிப்பக்கம் குறுக்கே வெட்டினால் நான்கு அறை. கொஞ்சம் மேலே இன்னொரு வெட்டு, இரண்டே அறை. நடுவில் பொய்ச்சுவர், உண்மையில் சூற்பையை உருவாக்கும் சூலிலைகள் இரண்டுதான். இரண்டு வெட்டையும் படமாகப் போட்டுவைத்தேன். புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

நான் செய்த வரிசை:

- முதலில் தண்டு, பால், இலையடிச் செதில்
- மொட்டில் இதழமைவு
- நெடுக்கு வெட்டு, குறுக்கு வெட்டு இரண்டு
- படம், சூத்திரம், அப்புறம்தான் குடும்பம்

நான் அவசரக்காரன், எனக்கு இந்தக் கடிவாளம் தேவைப்பட்டது. ஏற்கெனவே நிதானமாக வேலை செய்கிறவர்கள் இதைப் பின்பற்றினால் நேரம் போதாது. அவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை.

மற்றவை சுருக்கமாக. எந்த வகைப்பாட்டு முறையில் எழுதுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தேக்கும் நொச்சியும் பெந்தம்-ஹூக்கரில் வெர்பினேசி, ஏபிஜியில் லேமியேசி. சொல்லாமல் எழுதினால் சரியான விடையும் தப்பாகும். பெயரிடல் விதிகளில் 1753, 1958, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளையும் காரணத்தோடு படியுங்கள்: பெயர்களின் தொடக்கப்புள்ளி, பெயருக்கு ஆதாரமாகக் காட்டும் வகை மாதிரி கட்டாயமானது, லத்தீனுக்குப் பதில் ஆங்கில விவரிப்பும் செல்லும் என்றானது. அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை முதலில் சூட்டிய ஆசிரியரின் பெயர் அடைப்புக்குள் ஏன் வருகிறது என்று கேட்டால் நந்தியாவட்டையைச் சொல்லுங்கள். லின்னேயஸ் அதை 1753-இல் அரளியின் பேரினமான நீரியத்தில் வைத்தார், பிறகு வேறு பேரினத்துக்கு மாறியது, அதனால்தான் அவர் பெயருக்கு அடைப்பு. அவரே ஒரு தடவை இடம் தப்பி வைத்த செடி என்பதில் எனக்கு அற்பத் திருப்தி.

ஓர் இடத்தில் எத்தனை இனங்கள் எந்த அளவில் உள்ளன என்று அளக்கும் பல்வகைமைக் கணக்கில் ஷானன் குறியீட்டுக்கு இயல் மடக்கைதான் (ln). நான்கு இனங்கள் சம அளவில் இருந்தால் 1.386 வர வேண்டும். 0.602 வந்தால் கால்குலேட்டரில் அதற்குப் பதில் ‘log’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

கடைசியாக, புது பிளேடு கொண்டுபோங்கள், பழையது சூற்பையை நசுக்கும். விரிந்த பூ மட்டும் தந்தால் கூச்சப்படாமல் மொட்டும் கேளுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.