சாமை மலையிலேயே இருக்க வேண்டுமென்றால் மில்லும் மலையிலேயே இருக்க வேண்டும்

கொல்லிமலைச் சாமையைப் பற்றிப் பேச்செடுத்தால் விதை காப்பதில் தொடங்கி விதை காப்பதிலேயே முடிந்துவிடுகிறது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் காடுகளில் சாமை குறைந்ததற்கு விதை தீர்ந்துபோனதா காரணம்? ஒரு பக்கம் மரவள்ளி. கிழங்கைப் பிடுங்கி சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு ஏற்றிவிட்டால் கையில் காசு. இன்னொரு பக்கம், சாமையை அறுத்த பிறகுதான் பாதி வேலை தொடங்கும். உரலில் குத்து, புடை, மறுபடி குத்து. அத்தனையும் பெண்கள் தலையில். ரேஷன் அரிசி உலையேறியதற்கு அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் விதை வங்கியோடு நிற்காமல் உமி நீக்கும் மெஷின்களையும் ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. அதுதான் சரியான வழி. ஆனால் மெஷின் வந்தால் மட்டும் போதாது, ஓட்டத் தெரிய வேண்டும்.

இந்த மெஷின் மணியைச் சுழற்றி வீசி, சுவரில் மோதவிட்டு உமியை உரிக்கிறது. அதனால் சல்லடையில் பெருமணி, சிறுமணி எனப் பிரித்துத் தனித்தனியாகப் போட வேண்டும். கலந்து போட்டால், பெரியதற்கு வைத்த வேகத்தில் சின்னது உமியோடே வெளியே வரும். வேகத்தைக் கூட்டினால் பெரியது நொய்யாகும். அடுத்தது ஈரம். 10 முதல் 12 சதவீதம் இருக்கலாம். ஈரம் கூடினால் உமி உரியாது, வெயிலில் அதிகம் காய்ந்தால் அரிசி உடையும். கல் இன்னொரு தொல்லை. மண் களத்தில் அடித்த சாமையில் மணியளவிலேயே கல் கலந்துவிடும், சல்லடைக்குத் தப்பிவிடும். தார்ப்பாய் விரித்து அடித்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 100 கிலோ சாமைக்கு 60 முதல் 70 கிலோ அரிசி கிடைக்கும்.

மில் ஊருக்குள் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் தவிடு. தீட்டாத சாமையரிசி மங்கலாக இருக்கும். தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும், கசக்கும். தூரத்து மில்லில் அரைத்து, மாதக்கணக்கில் கடையில் வைத்து விற்பவர் தீட்டித்தான் ஆக வேண்டும். பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று வரும் சாமை அப்படி வந்ததுதான். நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விட்டது. உமியோடு இருந்தாலோ சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. மலையில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய தொம்பை என்னும் தானியக் குதிரில் தானியத்தை உமியோடு வைத்திருந்ததன் அறிவு இதுதான். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து அரைத்துக்கொண்டால் தீட்டவே தேவையில்லை.

விதைக்கான சாமையைத் தொம்பையிலிருந்து அள்ளக் கூடாது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று ரகங்கள் பல. எல்லாம் ஒரே களத்தில் அடிபடுவதால் ஒன்றோடொன்று கலந்துவிடும். கலந்த விதையில் பயிர் ஒன்றாக முற்றாது: ஒரு கதிர் கொட்டும்போது இன்னொன்று பாலாக நிற்கும். மில்லிலும் மணி அளவு வேறுபட்டு, மேலே சொன்ன நொய்ப் பிரச்சினை அங்கேயே முளைக்கும். எனவே காட்டில் நிற்கும்போதே, ஒரே சமயத்தில் முற்றிய நல்ல கதிர்களாகப் பார்த்துக் கொய்து, தனியே கையால் கசக்கி எடுக்க வேண்டும். நன்றாகக் காயவைத்துச் சாம்பலும் நொச்சி இலையும் சேர்த்துப் பானையில் கட்டி வைக்கலாம். வரிசையில் விதைத்தால் ஏக்கருக்கு 4 கிலோ போதும். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர் விட வேண்டும். மணி பொடி என்பதால் ஆழப் போட்டால் முளை மேலே வராது. முதல் மழையைத் தவறவிட்டுத் தாமதமாக விதைத்தால் குருத்து ஈ தாக்கி நடுக்குருத்து காய்ந்துவிடும்.