டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், இடம்தான் கிடைக்காது

எங்கள் கல்லூரி வளாகத்தில் புதுக் கட்டடம் என்றாலே ஆர்க்கிடெக்ட் ஆபீஸிலிருந்து முதலில் வருவது கனெக்டட் லோடு பட்டியல்தான். லைட், ஃபேன், ஏசி, லிஃப்ட், லேப் மெஷின் என்று எல்லாவற்றையும் கூட்டி 3,000 கிலோவாட் என்று காட்டினால் நிர்வாகம் மிரளத்தானே செய்யும். ஆனால் எச்டி (உயரழுத்த) மீட்டரில் பதிவான உச்ச டிமாண்ட், அதாவது ஒரே சமயத்தில் நிஜமாகவே இழுத்த அதிகபட்ச லோடு, ஏப்ரல் மதியத்தில்கூட, 1,100 கேவிஏ-தான் (கேவிஏ என்பது கிலோவாட்டுக்கு நெருங்கிய அலகு). வகுப்பும் லேபும் பகலில் இழுக்கும், ஹாஸ்டல் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் இழுக்கும், இரண்டு உச்சமும் ஒன்றாக வருவதில்லை.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று மின்வாரியத்திடம் ஒப்பந்த டிமாண்டைக் கூட்டி வாங்கி வைக்கலாமா? தமிழ்நாட்டில் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் கட்டியாக வேண்டும், பயன்படுத்தாவிட்டாலும். டிமாண்டைப் பிறகு விண்ணப்பித்து உயர்த்திக்கொள்ளலாம். அவசரமில்லை.

எனக்குக் கவலை வேறு. இருப்பது 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு. கோடையில் ஒன்று படுத்தால் மற்றது தனியாக மொத்த லோடையும் தாங்காது, ஏசி ஃபீடர்களைக் கழற்றித்தான் ஓட்ட வேண்டும். "இரண்டையும் பேரலலில் (ஒன்றாக இணைத்து) விட்டால் லோடு சமமாகப் பிரியுமே" என்று ஒரு ஆலோசகர் சொன்னார். 433 வோல்ட் பக்கம் ஒன்றின் முழு லோடு கரண்ட் 1,333 ஆம்பியர், ஷார்ட் கரண்டைத் தடுக்கும் உள்தடையான இம்பிடன்ஸ் 5 சதவீதம். ஷார்ட் ஆனால் ஒன்றிலிருந்தே 27,000 ஆம்பியர் பக்கம் பாயும், பேரலலில் 53,000. எங்கள் எல்டி (தாழ்வழுத்த) பேனல் தாங்குவது 50,000. அதனால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சுவிட்சான பஸ் கப்ளருக்கு, இரண்டும் ஒன்றாகச் சேராதபடி இன்டர்லாக் போட்டுத் திறந்தே வைத்திருக்கிறோம்.

ஆக, மூன்றாவது டிரான்ஸ்ஃபார்மர் வரத்தான் போகிறது. அதை இப்போதே வாங்கிச் சும்மா சார்ஜில் (மின்சாரம் கொடுத்து) வைத்தால் லோடே இல்லாமல் இருபத்துநாலு மணி நேரமும் கோர் லாஸ், அதாவது இரும்பு மையத்தில் வீணாகும் மின்சாரம், தின்னும், அதனால் நான் கேட்டது இடம் மட்டும்: யார்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிற பே, அஸ்திவாரம், எண்ணெய்க் குழி, கேபிள் டிரெஞ்ச். இதற்குத்தான் பெரிய சண்டை! அந்த இடத்தில் டூவீலர் ஸ்டாண்ட் வேண்டுமாம். கட்டடம் எழும்பிய பிறகு 11 கேவி கேபிளுக்கு ரோட்டை வெட்டினால் என்ன செலவு என்று ஒரு மதிப்பீடு போட்டு நீட்டினேன், அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

இப்போது ஹாஸ்டல் அறைகளுக்கும் ஏசி போடப் பேச்சு நடக்கிறது. அது வந்தால் உச்சம் ராத்திரிக்கு நகரும், பகல் கணக்கை நம்பிப் போட்ட திட்டம் ஆட்டம் காணும். ஹாஸ்டல் ஃபீடரில் தனி மீட்டர் மாட்டச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கோடையின் ரீடிங் கைக்கு வந்ததும் மூன்றாவதற்கு எப்போது ஆர்டர் போடுவது என்று முடிவெடுப்போம்.