போத்கயாவில் பலகை மேல் ஒரு லட்சம்

கயா ரயில் நிலையத்திலிருந்து மகாபோதி கோயிலுக்கு ஆட்டோவில் சுமார் 15 கிலோமீட்டர். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டு, வலம் வந்து போதி மரத்தைத் தொழுத பிறகு புல்வெளிப் பக்கம் திரும்புங்கள். மார்கழி, தைக் குளிரில் அங்கே நமஸ்காரம் செய்யும் மரப்பலகைகள் கிடக்கும். நடுவில், உள்ளங்கை சறுக்கிச் சறுக்கி வழவழத்த இரண்டு தடங்கள். திபெத்திய பௌத்தத்தின் தாந்திரிக சாதனை, அதாவது பயிற்சி, தொடங்குமிடம் அதுதான்.

தந்திரம் என்றதும் பலர் தீட்சையைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் ‘ஙொண்ட்ரோ’ என்ற பூர்வாங்கம் இருக்கிறது. திபெத்திய பௌத்தப் பிரிவுகளில் ஒன்றான காக்யூ மரபில் நான்கு: சரணாகதியோடு நமஸ்காரம், தூய்மைப்படுத்தும் தெய்வமான வஜ்ரசத்துவரின் நூறெழுத்து மந்திரம், பிரபஞ்சத்தையே காணிக்கையாக்கும் மண்டல சமர்ப்பணம், குருவின் மனத்தோடு ஒன்றும் குரு யோகம். ஒவ்வொன்றும் ஒரு லட்சம். 108 மணி மாலை ஒரு சுற்று வந்தால் 100 என்றுதான் கணக்கு. மிச்சம் எட்டு தப்புக்கு ஈடு.

நமஸ்காரம் நம் சாஷ்டாங்கம் போலத் தெரியும், ஆனால் கீழே கிடக்கக் கூடாது. கூப்பிய கை உச்சி, தொண்டை, நெஞ்சு தொட்டு இறங்கும். உடம்பு நீள, நெற்றி பட்டதும் எழுந்துவிட வேண்டும். கைக்கு அடியில் துணி இல்லாவிட்டால் தோல் உரியும். பாரத்தைக் கையில் வாங்காமல் முழங்காலைப் பொத்தென்று போடுகிறவர்கள் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். முதல் நாளே 1,000 என்று கிளம்புவது வீம்பு. பழகியவர்களுக்கே அந்தக் கணக்கில் நூறு நாள் ஆகும்.

மண்டலத்துக்குத் தட்டை முன்கையால் வலச்சுற்றாகத் துடைத்து, அரிசியை ஏழு குவியலாக வைத்து, வழித்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் சிவந்து புண்ணாவது சகஜம்.

இதன் மேல்தான் ‘வாங்’ எனும் அபிஷேகம், அதாவது தீட்சை. 2017 ஜனவரியில் தலாய் லாமா இதே ஊரில் காலசக்கரத் தந்திரத்துக்கான அபிஷேகம் கொடுத்தார். கூட்டத்தோடு உட்கார்ந்து வாங்கியது அனுமதி மட்டுமே, தேர்ச்சி ஆகாது. அதன் பிறகு, தெய்வ உருவை மனத்தில் எழுப்பும் உற்பத்திக் கிரமத்தில் தெய்வத்தின் நிறம், கை, ஆயுதம் பிசகாமல் மனத்தில் நிற்க வேண்டும். உருவம் மங்கினால்கூடப் பரவாயில்லை, பயிற்சியில் சரியாகும். அதை நிஜமென்று பிடித்துக்கொள்வதுதான் வினை. அதனால் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வடிவத்தைச் சூனியத்தில் கரைக்கிறார்கள்.

அடுத்த கட்டமான நிறைவுக் கிரமம் நாடி, பிராணன், நுண்துளியான பிந்து சம்பந்தப்பட்டது. உட்கனலை எழுப்பும் தும்மோ இதில் ஒன்று. மூன்று ஆண்டு, மூன்று மாதத் தனிமைவாசத்தில் குருவின் கண்காணிப்பில் பழகுவது. மூச்சை முரட்டுத்தனமாக அடக்கினால் படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை வரும். ‘லுங்’, அதாவது உள்காற்று, கலைந்துவிட்டது என்பார்கள். அப்போது சாதனையை நிறுத்திவிட்டு, சூடான கொழுப்புள்ள சாப்பாடு, தூக்கம், திறந்த வெளியில் நடை.