எஸ்24 அல்ட்ராவிலிருந்து எஸ்25 அல்ட்ராவுக்கு: சேர்ந்தவையும் கழிந்தவையும்

சாம்சங் நிறுவனம் 2025 ஜனவரி 22 அன்று அறிமுகப்படுத்திய கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவைப் பற்றி வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை, முந்தைய ஆண்டின் எஸ்24 அல்ட்ராவிலிருந்து அது பெரிதாக மாறவில்லை என்ற குறையையே திரும்பத் திரும்பச் சொன்னவை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆண்டுதோறும் வெளிவரும் ஒரு பொருள் ஒவ்வோர் ஆண்டும் அடியோடு மாறவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. ஏற்கெனவே நன்றாக அமைந்துவிட்ட ஒன்றில் எஞ்சியிருக்கும் குறைகளை ஒன்றிரண்டாகக் களைந்துகொண்டே போனாலும் போதும். நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும்போது, முன்பு கொடுத்ததில் எதையும் கழிக்காமல் இருந்தார்களா? அந்தக் கேள்விக்கு இந்தக் கைபேசி தரும் விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

நான் பயன்படுத்துவது எஸ்24 அல்ட்ரா. என் தம்பி எஸ்22 அல்ட்ராவை வைத்திருந்து, இப்போது எஸ்25 அல்ட்ராவுக்கு மாறியிருக்கிறான். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும், ஒரே காட்சியை இரண்டிலும் படம் எடுத்து ஒப்பிடவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

முதலில் கையில் எடுத்தவுடன் தெரியும் மாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். எஸ்24 அல்ட்ராவின் எடை 232 கிராம். எஸ்25 அல்ட்ராவின் எடை 218 கிராம். தடிமன் 8.6 மில்லிமீட்டரிலிருந்து 8.2 ஆகவும், அகலம் 79 மில்லிமீட்டரிலிருந்து 77.6 ஆகவும் குறைந்திருக்கின்றன. இத்தனைக்கும் திரை 6.8 அங்குலத்திலிருந்து 6.9 அங்குலமாக வளர்ந்திருக்கிறது. தாளில் பார்த்தால் இந்த எண்கள் அற்பமாகத் தோன்றும். ஆனால் எஸ்24 அல்ட்ராவைப் படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடித்துப் படிப்பவர்களுக்கு, அதன் கூரிய மூலை உள்ளங்கையில் பதிந்து உறுத்துவது நன்றாகத் தெரியும். புதியதில் அந்த மூலைகளை வளைத்துவிட்டார்கள். பக்கச் சட்டத்தைத் தட்டையாக்கியிருக்கிறார்கள். தம்பியின் கைபேசியைச் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு என்னுடையதைத் திரும்ப எடுத்தபோது, என்னுடையது சட்டென்று ஒரு தலைமுறை பழையதாகிவிட்டதைப் போல இருந்தது. விவரப் பட்டியலில் கடைசியில் இடம்பெறும் இந்த மாற்றத்தையே, இந்தக் கைபேசியின் மிகச் சிறந்த மேம்பாடாக நான் கருதுகிறேன். ஒரு நாளில் எத்தனையோ முறை கையில் எடுக்கும் பொருளுக்கு, பிடிப்பதற்கு இதமாக இருப்பதைவிடப் பெரிய தகுதி வேறு என்ன இருக்க முடியும்?

அடுத்தது கேமரா. இங்கே உண்மையிலேயே மாறியது ஒன்றுதான்: அகன்ற காட்சியை எடுக்கும் அல்ட்ரா வைடு கேமரா 12 மெகாபிக்சலிலிருந்து 50 மெகாபிக்சலுக்கு உயர்ந்திருக்கிறது, அதன் துளையும் எஃப்2.2 இலிருந்து எஃப்1.9 ஆக விரிந்து, கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. இதன் பயனை வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கண்டேன். கூடம் முழுவதும் அடங்கும்படி எடுத்த படத்தில், ஓரத்தில் இருந்த புத்தக அலமாரியை நோக்கிப் பெரிதாக்கினால், என் கைபேசியில் நூல்களின் முதுகில் இருந்த எழுத்துகள் குழைந்து போயிருந்தன. புதியதில் அவற்றில் பலவற்றை வாசிக்க முடிந்தது. மிக அருகில் சென்று எடுக்கும் மேக்ரோ படங்களுக்கும் இதே கேமராதான் பயன்படுகிறது என்பதால், செம்பருத்தியின் மகரந்தத் தூள்களும் இலையில் ஊரும் எறும்பின் கால்களும் பிரிந்து தெளிவாகத் தெரிகின்றன. பூச்சிகளையும் செடிகளையும் படம் எடுப்பவர்களுக்கு இது சிறிய முன்னேற்றம் அல்ல.

ஆனால் கைவைக்க வேண்டிய இன்னொரு கேமராவைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ கேமரா, 2021 இல் வந்த எஸ்21 அல்ட்ராவிலும் 10 மெகாபிக்சல். எஸ்25 அல்ட்ராவிலும் அதே 10 மெகாபிக்சல்தான். முகங்களைப் படம் எடுக்க மிகவும் ஏற்ற தூரம் இதுதான். குழந்தைகளையும் பெற்றோரையும் பெரும்பாலோர் படம் எடுப்பது இந்தத் தூரத்தில்தான். வெளிச்சம் குறைந்த அறையில் அந்தக் கேமராவின் சிறிய சென்சார் திணறுவது இன்றும் தெரிகிறது. 200 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவும், ஐந்து மடங்கு நெருக்கும் 50 மெகாபிக்சல் கேமராவும் நன்றாகவே இருக்கும்போது, நடுவில் இருக்கும் இதை மட்டும் இத்தனை ஆண்டுகளாக இப்படியே விட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கைபேசியின் மூளையான செயலியைப் (ப்ராசசர்) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எஸ்25 அல்ட்ராவில் இருப்பது 3 நானோமீட்டர் முறையில் தயாரான ஸ்னாப்டிராகன் 8 எலைட். முந்தையதைவிட மையச் செயலி 37 சதவீதமும், வரைகலைப் பகுதி 30 சதவீதமும், செயற்கை நுண்ணறிவுப் பகுதி 40 சதவீதமும் கூடுதல் திறன் பெற்றிருப்பதாக நிறுவனம் அறிவித்தது. எஸ்24 அல்ட்ராவில் இருக்கும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 எதற்கும் தயங்குவதில்லை என்பதால், அன்றாட வேலைகளில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நீண்ட நேரம் விளையாடுபவர்களுக்கு ஒருவேளை தெரியலாம். தம்பியின் நிலை வேறு. எஸ்22 அல்ட்ராவின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, வெப்பம் காரணமாக வெளியான ஆண்டிலேயே கடுமையான விமர்சனத்துக்கு ஆளான செயலி. அதிலிருந்து 8 எலைட்டுக்கு வருபவருக்கு வேகமும் குளிர்ச்சியும் ஒருசேரக் கிடைக்கின்றன.

பேட்டரியில் மாற்றம் இல்லை என்றே சொல்ல வேண்டும். 2020 இல் வெளியான எஸ்20 அல்ட்ராவிலிருந்தே அல்ட்ரா வரிசையின் பேட்டரி 5000 எம்ஏஎச். இன்றும் அதே அளவு. 45 வாட் சார்ஜ் வேகமும் அப்போதே வந்ததுதான். புதிய செயலி சிக்கனமானது என்பதால், தொடர்ந்து வீடியோ பார்க்கும் நேரம் 30 மணியிலிருந்து 31 மணியாக உயர்ந்திருப்பதாக நிறுவனத்தின் விவரக் குறிப்பே சொல்கிறது. அதே 2025 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த ஒன்பிளஸ் 13, சிலிக்கான் கார்பன் வகை பேட்டரியில் 6000 எம்ஏஎச் கொள்ளளவையும் 100 வாட் சார்ஜ் வேகத்தையும் 69,999 ரூபாய் தொடக்க விலையில் கொடுத்தது. ஏறத்தாழ இரு மடங்கு விலை வாங்கும் கைபேசி இந்த ஓர் அம்சத்தில் இவ்வளவு பின்தங்கி நிற்பதற்குச் சமாதானம் சொல்வது கடினம். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கம்பியில்லா சார்ஜுக்கும், கைபேசிக்குள் காந்தம் இல்லாததால், அதற்கென்றே செய்த உறையைத் தனியாக வாங்கியாக வேண்டும்.

இனி, எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். எஸ்25 அல்ட்ராவுடன் வரும் எஸ் பென்னில், அதாவது கைபேசிக்குள் செருகி வைக்கும் பேனாவில், கைபேசியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ப்ளூடூத் இல்லை. 2018 இல் சாம்சங்கின் நோட் 9 கைபேசியில் இந்த வசதி முதலில் வந்தபோது, பேனாவைக் கைபேசிக்குள் 40 விநாடி செருகி வைத்தால் அரை மணி நேரம் பயன்படுத்தலாம் என்ற அந்த ஏற்பாடே வியப்பளித்தது. அடுத்த ஆண்டு நோட் 10 இல் பேனாவைக் காற்றில் அசைத்துக் கட்டளையிடும் வசதியும் சேர்ந்தது. நோட் வரிசை நின்று, 2022 இல் எஸ்22 அல்ட்ராவுக்குள்ளேயே பேனா குடியேறியபோதும் இந்த வசதி தொடர்ந்தது. எஸ்24 அல்ட்ரா வரை இருந்ததை எஸ்25 அல்ட்ராவில் நீக்கிவிட்டார்கள். திரையில் எழுதுவதற்கு எந்தக் குறையும் இல்லை. பேனாவின் எழுத்துப் பணிக்கு பேட்டரியே தேவையில்லை, திரைக்கு அடியில் இருக்கும் மின்காந்தத் தகடே முனையின் இடத்தையும் அழுத்தத்தையும் கண்டறிகிறது. நீங்கியது தொலைவிலிருந்து இயக்கும் திறன் மட்டுமே.

அந்தத் திறனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. வீட்டு விசேஷங்களில் எங்கள் குடும்பம் முழுவதும் நிற்கும் படத்தை எடுப்பது என் வேலை. கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, பேனாவை உருவி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு நானும் வரிசையில் போய் நின்றுவிடுவேன். பெரியவர்கள் புடவையைச் சரிசெய்து முடித்து, சிறுவர்கள் ஒருவரை ஒருவர் இடிப்பதை நிறுத்தி, எல்லாரும் ஒரு கணம் கேமராவைப் பார்க்கும் அந்தச் சமயத்தில் விரலால் பொத்தானை அழுத்தினால் போதும். நேரம் குறித்து எடுக்கும் டைமரில் இது நடக்காது, ஏனென்றால் மனிதர்கள் கைபேசியின் கணக்குக்கு ஏற்பப் புன்னகைப்பதில்லை. கேலக்ஸி வாட்ச் கட்டியிருந்தால் அதிலிருந்து படம் எடுக்கலாம்; ஆனால் முன்பு பேனாவோடு சேர்ந்தே வந்த வசதிக்கு இப்போது இன்னொரு கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வசதியைப் பயன்படுத்துவோர் மிகவும் குறைவு என்பது நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் சந்தையில் எத்தனையோ கைபேசிகள் இருக்க, பேனாவோடு வரும் ஒன்றைத் தேடி வாங்குபவர்களே எண்ணிக்கையில் சிறுபான்மையினர்தான். அவர்களுக்காகவே உருவான ஒரு கைபேசியில் பெரும்பான்மையின் கணக்கைப் பார்ப்பது சரியான அளவுகோல் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

மென்பொருளைப் பொறுத்தவரை, அறிமுக மேடையில் அதிகம் பேசப்பட்டவை செயற்கை நுண்ணறிவு வசதிகளே. ஆனால் அவற்றில் பல புதிய கைபேசிக்கு மட்டும் உரியவை அல்ல. வீடியோவில் தேவையற்ற இரைச்சலை நீக்கும் ஆடியோ இரேசர், பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து கூகுளின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான ஜெமினியை அழைக்கும் வசதி ஆகியவை சாம்சங் மென்பொருளின் ஒன் யூஐ 7 அப்டேட் மூலம் 2025 ஏப்ரலிலேயே எஸ்24 வரிசைக்கும் வரத் தொடங்கின. ஜெமினியோடு குரலில் உரையாட உதவும் ஜெமினி லைவில் தமிழில் பேசும் வசதியைக் கூகுள் 2024 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. அது எந்த ஒரு கைபேசிக்கும் தனிச் சொத்து அல்ல. இரண்டு கைபேசிகளுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் உறுதி உண்டு என்பதால் எஸ்24 அல்ட்ராவுக்கு 2031 வரையும், எஸ்25 அல்ட்ராவுக்கு 2032 வரையும் ஆதரவு கிடைக்கும். மென்பொருளுக்காக மட்டும் ஒருவர் புதியதற்கு மாற வேண்டிய தேவை இல்லை.

ஆகவே என் எஸ்24 அல்ட்ராவை நான் மாற்றப் போவதில்லை. தம்பி மாறியது சரியான முடிவு: அவனுக்குச் செயலி, கேமரா, கண் கூசாத திரைக் கண்ணாடி, நீண்ட கால அப்டேட் எல்லாமே முன்னேற்றம், பேனாவின் பொத்தானை அவன் எப்போதும் தொட்டதில்லை. எஸ்23 அல்ட்ரா வைத்திருப்பவர்களுக்கு 2028 வரை பாதுகாப்பு அப்டேட் இருப்பதால், அவர்கள் இன்னும் பொறுத்திருக்கலாம்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் விலையையும் பார்க்க வேண்டும். எஸ்25 அல்ட்ரா 256 ஜிபி மாடலின் இந்திய அறிமுக விலை 1,29,999 ரூபாய். எஸ்24 அல்ட்ராவும் அதே விலையில்தான் வந்தது என்றாலும், புதியது வந்த பிறகு 2025 இன் தள்ளுபடி விற்பனைகளில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. எடையும் அல்ட்ரா வைடு கேமராவும் முக்கியம் என்றால் புதியதை வாங்கலாம். மற்றவர்களுக்கு, பேனாவின் முழுத் திறனோடும் இருக்கும் எஸ்24 அல்ட்ராவே அந்த விலையில் சிறந்தது. இரண்டிலும் மெமரி கார்டு போட இடம் இல்லாததால், வீடியோ அதிகம் எடுப்பவர்கள் மிச்சமாகும் பணத்தில் 512 ஜிபி மாடலைக் கேட்டுப் பார்க்கலாம். முந்தைய ஆண்டு மாடல் என்பதால், பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும், உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து கணக்காகிறது என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.