தோணி போகாத மாதம்

எங்கள் கல்யாணம் போன ஆவணியில் நடந்தது. மறுவீட்டுக்கு அம்மா சொதி வைத்திருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் மறுவீட்டு இலை என்றால் சொதி இருந்தே ஆக வேண்டும். தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு உடனே இறக்கிவிட வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அந்தப் பந்தியில்தான் சித்தப்பா தேனிலவைப் பற்றிக் கேட்டார், "எங்க போகப் போறிய ரெண்டு பேரும்?"

என் வீட்டுக்காரர் பளிச்சென்று "மாலத்தீவு" என்றார். அவருக்குச் சங்கரன்கோவில். கரிசல்காட்டில் வளர்ந்தவர். கடல் என்றால் அவருக்குத் திருச்செந்தூர்தான், அதுவும் கோயிலுக்குப் போகும்போது காலை நனைத்துவிட்டு வருவதோடு சரி. தரை தெரிகிற கடலில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை என்று நிச்சயதார்த்தம் முடிந்ததுமே என்னிடம் சொல்லியிருந்தார். நான் டவுன்காரி. தாமிரபரணிக் குறுக்குத்துறையில் தாத்தா என் இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீச்சல் சொல்லிக் கொடுத்தார். ஆற்று மீனை மட்டும் பார்த்த எனக்குப் பவளப்பாறை மீனைப் பார்க்க வேண்டும். ஆகத் தீவு என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எந்தத் தீவு, எப்போது என்பதில்தான் இருந்தது.

அதே பந்தியில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற அண்ணாச்சி. காய்கறி, சிமெண்ட், செங்கல் என்று தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே வரை தோணி போவது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், "யம்மா, தோணியே அந்தப் பக்கம் போவாத மாசத்துல நீங்க எதுக்குப் போறிய? கச்சான் காத்து அடங்கட்டும்."

நான் அதுவரை படித்த பயணக் கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தை எனக்கு உதவியது. குற்றாலத்தில் சாரல் விழுகிறதே, அந்தத் தென்மேற்குக் காற்றைத்தான் கச்சான் என்பார்கள். அதுதான் மாலத்தீவுக் கடலையும் அந்தமான் கடலையும் கலக்குகிறது. ஐந்தருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுகிற நாட்களில் அந்தத் தீவுகளில் மழையும் அலையுமாக இருக்கும். அந்த மாதங்களில் ரிசார்ட் வாடகை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நான்கே நாள் போகிறவர்கள் நான்கு நாளும் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதென்றால், அந்தக் குறைந்த வாடகையும் வீண்தான். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், தீவு அப்புறம்.

எங்களுக்கு மாதம் தானாகவே அமைந்தது. ஐப்பசியில் தலைத்தீபாவளி, எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் மழை. மார்கழியில் பெரியவர்கள் விட மாட்டார்கள், போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் ரிசார்ட் விலை உச்சத்தில் நிற்கும். தலைப்பொங்கல் முடிந்து தை நடுவில் போவது என்று வைத்துக்கொண்டோம். ஐந்து மாதம் காத்திருக்க வேண்டுமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் பணமும் சேர்ந்தது, ஒருவரை ஒருவர் பழகியும்விட்டோம்.

தை என்றதும் பட்டியல் சுருங்கிவிட்டது. மொரீஷியஸ் மேல் எனக்கு ரொம்ப ஆசை. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிற நாடு, தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை விடுகிற நாடு. ஆனால் ஜனவரி, பிப்ரவரி அங்கே புயல் காலம். பாலியில் ஜனவரி நல்ல மழை மாதம். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தங்கும் அறைகளும் குறைவு. மிச்சம் அந்தமானும் மாலத்தீவும். இரண்டிலும் தை மாதத்தில் வெயில், அமைதியான கடல்.

அப்பா அந்தமான் பக்கம். பாஸ்போர்ட் வேண்டாம், நம் ரூபாய், ஸ்ரீ விஜயபுரத்தில் தமிழ் பேசி இட்லி சாப்பிடலாம் என்றார். போர்ட் பிளேருக்கு 2024இல் வைத்த பெயர் அது. ஹேவ்லாக் தீவு, இப்போது ஸ்வராஜ் தீவு, அங்கேயுள்ள ராதாநகர் கடற்கரையின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் மாறும். எங்களுக்குத் தடையாக இருந்தது தூரம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, சென்னையில் விமானம், அங்கே இறங்கிக் கப்பல். அவருக்குக் கிடைத்த ஆறு நாள் லீவில் போக வர மூன்று நாள் கரைந்துவிடும். மாலத்தீவுக்கோ நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் காரில் நான்கு மணி நேரம், அங்கிருந்து மாலேவுக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். நேரக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போகும் சென்னையைவிட மாலே கிட்டத்தில் இருக்கிறது! அப்பாவையும் அம்மாவையும் அந்தமானுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது அடுத்த தையில்.

ரிசார்ட் தேடுவதில் ஒரு மாதம் போனது. ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் நான்கு ராத்திரிக்கு ஒரு விலை சொன்னார், கேட்கும்போது நன்றாகவே இருந்தது. "மாலேயிலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டேன். கடல் விமானமாம், அது விலையில் சேராதாம். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம் போகவர ஆளுக்கு 400, 500 டாலர் என்று நாங்கள் விசாரித்ததில் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். அவர் போட்டுக் கொடுத்த டிக்கெட்டோ சாயங்காலம் இறங்குகிறது. அன்றைக்கு ராத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னோர் அறை எடுத்துத் தங்கியிருக்க வேண்டும். புதுசாகக் கல்யாணமான பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவது தப்பு, எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கப்புறம் நாங்களே பார்த்தோம், ஸ்பீடு போட்டிலேயே போய்விடக்கூடிய கிட்டத்துத் தீவுகளை மட்டும்.

விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும், அதற்கு மேல் சுற்றுலா வரி 17 சதவீதமும் தனி. 100 டாலர் என்று போட்டிருப்பது 128 டாலர் 70 சென்ட் ஆகிவிடும். இது போக ரிசார்ட்டில் பசுமை வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். நான்கு ராத்திரிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் 96 டாலர் வந்தது. அவர் ஒரு நோட்டில் ஒவ்வொரு தீவுக்கும் கடைசித் தொகையை எழுதினார், முதலில் மலிவாகத் தெரிந்த இரண்டு தீவுகள் அந்தக் கணக்கில் மேலே ஏறிவிட்டன. பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால் மாஃபுஷி மாதிரி ஊர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. அங்கே பசுமை வரியும் பாதிதான், அறையும் மலிவு. ஊர்த் தீவு என்பதால் உடையில் அடக்கம் வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு தடவை போனால் அங்கேதான் தங்குவேன்.

தீவைத் தேர்ந்தெடுத்தது செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்து. ரிசார்ட் போடும் படங்களில் எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் குட்டு தெரியும். கரையைச் சுற்றி வெளிர்பச்சையாக அகலமாக இருந்தால் ஆழமில்லாத காயல், நீச்சல் தெரியாதவருக்கு நல்லது. கரைக்குக் கிட்டவே திடீரென்று கருநீலமாக மாறினால் அங்கே பாறை விளிம்பு, மீன் பார்ப்பதற்குப் படகு தேட வேண்டாம். எனக்கு இரண்டும் வேண்டும், ஒரு பக்கம் அவருக்கு, ஒரு பக்கம் எனக்கு. அப்படி அமைந்த தீவுகள் மூன்று கிடைத்தன. தண்ணீர் மேல் நிற்கும் வில்லா வேண்டுமா என்று அவர் என்னிடம் கேட்டார். வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. படியிறங்கினால் நேராகத் தண்ணீர், ஒரு மர நிழல் கிடையாது. கரையோர வில்லா போதும் என்றேன், அதில் எனக்குத் துளியும் குறையில்லை.

மூன்று ரிசார்ட்டுக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதினேன். சம்பலில் மாசி போடுவீர்களா, பருப்பில் மீன் சாறு சேர்ப்பீர்களா? மாசிக் கருவாடு அந்தத் தீவுகளின் உயிர், தேங்காய்த் துருவலோடு காலைச் சாப்பாட்டிலேயே வந்துவிடும், நாங்கள் இரண்டு பேரும் சைவம். ஒரு ரிசார்ட்டில் பதிலே இல்லை. ஒன்றில் "சைவம் உண்டு" என்று ஒரு வரி. மூன்றாவதில் சமையல்காரரே எழுதியிருந்தார், எந்தெந்தப் பதார்த்தத்தில் மீன் இருக்கும், எங்களுக்கு எதைத் தனியாகச் செய்வார் என்று. அன்றைக்கே முன்பணம் கட்டினோம்.

விசாவுக்கு அலைய வேண்டாம், இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற படிவத்தை அவர்கள் அரசு இணையதளத்தில் நிரப்பினால் போதும், அதற்குக் காசு இல்லை. காசு கேட்கிற தளம் வேறு யாருடையதோ, மூடிவிடுங்கள்.

முதல் நாள் காலை ஆறரைக்கு அவர் காயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அலையே இல்லை. கால் விரல் பத்தும் மணலில் தெரிந்தன. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சுறாக்குட்டி வரும் என்று நான் விளையாட்டாகச் சொல்லியிருந்தேன், முழங்கை நீளத்தில் ஒன்று வந்து அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் அசையவே இல்லை. கரைக்கு வந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் பாறை விளிம்பில் நான் பார்த்ததில் பாதி நிறமாக இருந்தது, பாதி சாம்பலாக இருந்தது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தத் தீவுகளின் பவளம் பெருமளவு வெளுத்துப்போனது. உயிரோடிருக்கும் பவளத்தில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள்.

திரும்பும் நாளில் விமானத்துக்கு நேரம் இருந்ததால் மாலே காய்கறிச் சந்தைக்குப் போனோம். வாழைத்தார்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெங்காய மூட்டை ஒன்றின் மேல் தமிழ் எழுத்து. படமெடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தார். நல்லா இருந்தீங்களா என்று கேட்கவில்லை. "காத்து எந்தப் பக்கம்மா?" என்றார்.

"வாடைதான் அண்ணாச்சி. கடல் பலகை மாதிரி கிடக்கு."

"அப்படிச் சொல்லு," என்றார்.