எறக்கினது எறக்கியாச்சு

கார் எஞ்சினில் ஒரு ஸ்டட் உடைந்ததற்கு இவ்வளவு பெரிய செலவுக் கணக்கு எக்ஸெல் ஷீட்டா என்று என் மனைவி கேட்டாள். தன் தம்பியிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

தம்பி, அதாவது என் மச்சினன், சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தெருவில் எல்லாரும் டெஸ்லா வாங்க, இவன் வாங்கியது 1979 போர்ஷே 911 எஸ்சி. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதுவும் பின்பக்கம். வால்வ் இடைவெளி சரியா என்று பார்க்கலாமே என்று கீழ்ப்பக்கத்துக் கவரைக் கழற்றியிருக்கிறான். சிலிண்டர்மேல் உட்காரும் ஹெட்டைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டட், அதாவது புரி போட்ட நீளக் கம்பி ஒன்று, நட்டோடு துண்டாகிக் கையில் வந்துவிட்டது. எஸ்சி எஞ்சினுக்கு இது பேர்போன வியாதி. சூட்டில் அலுமினியம் விரியும்போது கூடவே விரியட்டும் என்று கீழ் வரிசை ஸ்டட்களை டிலாவர் என்ற உலோகக் கலவையில் செய்தார்கள். விரிந்தது சரி, அப்புறம் வருஷக்கணக்கில் அரித்துப்போய் ஒடியவும் செய்தது.

ஸ்டட்டை மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட்டைக் கழற்ற எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"எப்படியும் எறக்கத்தான போறோம் அத்தான், அப்படியே ரிங்கையும் மாத்திடலாம்."

பிஸ்டன் ரிங் மாற்றுகிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பிஸ்டன், சிலிண்டரையே மாற்றலாமாம். 95 மில்லிமீட்டர் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 98 ஆக்கினால் 2994 சிசி எஞ்சின் 3186 ஆகும். கம்ப்ரெஷனும் 8.5-இலிருந்து 9.5-க்கு ஏறும். அதற்கு ஏற்ற காற்று உள்ளே போக, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் மாற வேண்டும். கேம்ஷாஃப்ட் மாறினால் பெட்ரோலை உள்ளே அனுப்பும் இன்ஜெக்ஷன் மாற வேண்டும். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணமும் செய்துகொண்ட சாமியாரைத்தான் நினைத்துக்கொண்டேன். இவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் கராஜில் நிற்கிறது.

இந்தச் சமயம் பார்த்து மாமாவும் அத்தையும் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கினார்கள். மாமா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே மகனோடு காரில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, பின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏல, ரேடியேட்டர எங்கல?"

"கெடையாதுப்பா. ஃபேன் காத்துதான்."

"அப்பம் நம்ம புல்லட்டு மாதிரி. அதுக்கா இவ்வளவு வெல குடுத்த?"

ஆயில் பார்க்கிற விஷயத்தில்தான் மாமா மனம் உடைந்துபோனார். இந்த எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்காது, தனி டேங்க் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஐடிலிங்கில் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். மகன் அப்படிச் செய்வதைப் பார்த்தவர், "ஓடுத எஞ்சின்ல ஆயில் பாத்தா எங்க டிப்போவுல மெமோ குடுப்பாவ" என்றார். புதுச் சிலிண்டர் எதற்கு, லேத்தில் கொடுத்து போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடு என்பது அவருடைய அடுத்த யோசனை. சிலிண்டர் உள்சுவரில் நிக்கசில் என்று நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கிறது, போர் பண்ணினால் அது போய்விடும், திரும்பப் பூச வேண்டும் என்று மகன் விளக்கினான். மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை. போர் பண்ண முடியாத சிலிண்டரை அவர் அதுவரை மதித்ததில்லை.

மச்சினனின் கனவு வெபர் கார்புரேட்டர். அந்தச் சத்தத்தை வீடியோவில் போட்டுக்காட்டாத உறவினர் இல்லை. தொழிற்சாலையில் வந்த கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனில், உள்ளே போகும் காற்றில் மிதக்கும் ஒரு தட்டுதான் பெட்ரோலை அளக்கிறது. ரேஸ் கேம் போட்டால் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீண்டு, காற்று திரும்பத் தள்ளி அந்தத் தட்டு தத்தளிக்கும், ஐடிலிங் நிற்காது. ஆகவே இன்ஜெக்ஷன் வெளியே, வெபர் உள்ளே. ஷீட்டில் அந்த வரிக்கு மட்டும் பச்சை வண்ணம்.

அதைச் சிவப்பாக்கியது கலிபோர்னியா சட்டம். 1975 மாடல் வரைக்கும் புகைச் சோதனை கிடையாது. 1976-இலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம். குழாயில் வரும் புகையை மட்டும் பார்த்துவிட்டு விடமாட்டார்கள். மூடியைத் திறந்து, தொழிற்சாலை வைத்த சாமான்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். கார்புரேட்டரை எங்கே ஒளிப்பது? நாலு வருஷம் முந்திய காராக வாங்கியிருக்கலாமே என்று நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். அவன் முறைத்தான். (அந்தக் காலத்து 2.7 எஞ்சினில் மெக்னீசியம் எஞ்சின் கூட்டிலிருந்து ஸ்டட் புரியோடு பிடுங்கிக்கொண்டு வரும். அது தனிப் புராணம்.) அன்று ராத்திரி அத்தை தோசை தோசையாகச் சுட்டுப் போட்டும் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் ஷீட்டில் "வேறு மாநிலத்துக்குக் குடிபோவது" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. என் மனைவி அதை அழித்தாள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. 98 பிஸ்டன் இருக்கும், அது வெளியே தெரியாது. கேம், பிற்கால 911-ஆன 964 மாடலுடையது. சாது கேம், கே-ஜெட்ரானிக்கோடு சண்டை போடாது. ஸ்டட் 24-ம் சாதா ஸ்டீல். அப்புறம் 1984 மாடல் 911 கரேராவின் செயின் டென்ஷனர், கேமைச் சுற்றுகிற செயினை இறுக்கி வைப்பது. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. என்னைக் கேட்டால் ஷீட்டிலேயே உருப்படியான செலவு இதுதான். பழைய டென்ஷனர் தளர்ந்து டைமிங் செயின் தாண்டினால், பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொண்டு மொத்தமும் போச்சு. மாமாவும் இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மொத்தத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று அத்தை அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இறக்குகிற நாளில் மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கராஜைக் கைப்பற்றினார். என் வேலை "போதும்" என்று சொல்வது. காரின் பின்பக்கத்தை எக்கச்சக்க உயரத்துக்குத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உருப்படியாக ஜாக்கியில் மெல்ல இறங்கின. கராஜ் முழுக்க பழைய ஆயில் வாசனை. மாமா முகத்தில் அப்படி ஒரு தெளிவை அமெரிக்கா வந்ததிலிருந்து நான் பார்க்கவில்லை. துணியால் கையைத் துடைத்தபடி கியர்பாக்ஸை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏல, அன்னைக்கு இதுல போனோம்லா, ரெண்டாவது கியர் விழும்போது கரகரன்னுச்சே. சிங்க்ரோ போயிருக்கும். எறக்கினது எறக்கியாச்சு..."

என் மனைவி என்னை முறைத்தாள். மச்சினன் அதற்குள் லேப்டாப்பை எடுக்க மாடிக்கு ஓடியிருந்தான்.