அந்த 'ஆனா'

"அனுப்புறது உன் முடிவுதான்ப்பா. ஆனா நீ எழுதினதுலயே உருப்படியானது இதுதான்."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை என்று அந்தப் பையன் முதலில் என்னிடம் கொண்டுவந்தது ரோபோட்டிக்ஸ் போட்டி. தோற்றார்கள், ஒற்றுமையின் அருமை புரிந்தது, அடுத்த வருடம் ஜெயித்தார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் கேட்கும் 650 சொல் வரம்புக்குள் கச்சிதமாக 648. எல்லாம் இருந்தது, அவனைத் தவிர.

தாளை மூடி வைக்கச் சொல்லிவிட்டுச் சும்மா பேச்சுக் கொடுத்தேன். நடுவர்களிடம் யார் பேசியது?

"நான் பேச மாட்டேன் சார்."

ஏன் என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. திக்கும். அதுவும் சொந்தப் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அதனால் காபிக் கடையில் பெயர் கேட்டால், புது ஆட்கள் கேட்டால், நாக்கில் மாட்டாத வேறொரு பெயரைச் சொல்லிவிடுவான்.

"அந்தப் பேரைக் கூப்பிட்டா உனக்குத் திரும்பிப் பார்க்கத் தோணுதா?" என்றேன். கேட்டு முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல கேள்விதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றே நாளில் எழுதிவிட்டான். கடைசியில் இருந்த 'இதிலிருந்து நான் கற்றது' பத்தியை மட்டும் வெட்டச் சொன்னேன். வேறெதையும் தொடவில்லை.

அப்புறம்தான் சொன்னான்: "சார், திக்குறது வீட்டுல தெரியும். பேரை மாத்திச் சொல்றது தெரியாது. அது தாத்தா பேரு. அம்மா ஆசையா வச்சது."

அதற்குத்தான் அந்த 'ஆனா'.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ரோபோவைச் சொல்ல விண்ணப்பத்தில் வேறு இடம் உண்டு. செயல்பாடுகளுக்கு 10 கட்டம், ஒவ்வொன்றிலும் விவரிக்க 150 எழுத்து. அங்கே சொன்னதையே கட்டுரையிலும் நீட்டி முழக்கினால், படிப்பவருக்கு இவன் யாரென்று எப்படித் தெரியும்? கருத்தை மறைத்து 'உன் இஷ்டம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுவும் ஒருவகைப் பொய்தானே?

ஆனால் 17 வயதுப் பையன். கட்டுரை விஷயத்தில் அவன் நம்பியது என் ஒருவன் பேச்சைத்தான். நான் 'ஆனா' போட்ட பிறகு அவன் கையில் என்ன முடிவு மிச்சம் இருந்தது? முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கெடு நவம்பர் 1. அதற்கு நான்கு நாள்தான் இருந்தது. வேறொன்று எழுத நேரமில்லை என்று அவனும் நினைத்திருப்பான். நேரம் இருந்தது. நான்கு நாளில் எழுதி முடித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அதையேதான் அனுப்பினான். இடமும் கிடைத்தது. கட்டுரையால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் அம்மா நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்: "கட்டுரை நல்லா வந்துச்சுன்னு சொன்னான் சார், எங்ககிட்டதான் காட்ட மாட்டேங்கிறான்." அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. பரீட்சை சமயம், மறந்திருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் ஒரு பெண், எழுத ஒன்றுமே இல்லை என்று உட்கார்ந்திருந்தாள். உதாரணத்துக்கு அவன் கதையைச் சொன்னேன். கண் விரியக் கேட்டவள், முடிவில், "அந்த அண்ணாகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா சார்?" என்றாள்.

"பேரைச் சொல்லலையேம்மா" என்றேன்.